சுபுஹான் பாய் வேனில் ஒரு பாட்டு குறைகிறது

நடுவட்டத்திலிருந்து ஊட்டிக்கு ஓடும் ஷேர் வேன்களில் சுபுஹான் பாயின் வேன்தான் கடைசியாகப் போய்ச் சேரும். அப்படியும் அதில்தான் இடம் கிடைக்காது. நான் அதில் தினமும் பைக்காரா வரை போகிறவன். பெயர் வேலுசாமி, சொந்த ஊர் சூலூர், படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. மழைக்காலத்தில் எங்கள் படகுகளில் தண்ணீர்தான் ஏறி உட்கார்ந்திருக்கும், ஆள் ஏறமாட்டார்கள். ஆகவே எனக்கு அவசரம் என்பது கிடையாது. சுபுஹான் பாய்க்கும் கிடையாது.

பாயின் அப்பா ஊட்டி பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தார். மூன்று மகன்களில் இரண்டு பேர் கடையில் நன்றாகவே உட்கார்ந்தார்கள். மூன்றாமவரான சுபுஹானை உட்கார வைத்தால், வருகிறவர்களிடம் இது உங்களுக்குப் பெரிதாக இருக்கிறது, இந்த நிறம் வெளுத்துவிடும் என்று உண்மையைச் சொல்லி அனுப்பிவிடுவாராம். ஒரு சீசன் முழுக்கப் பொறுத்துப் பார்த்த அப்பா, இவனுக்கு வாய் திறக்கத் தேவையில்லாத தொழில்தான் சரி என்று டிரைவிங் பழக அனுப்பினார். கடைக்கு வந்த நஷ்டம் எங்களுக்கு லாபமாகிவிட்டது.

பாய் ஓட்டுவதைப் பார்த்தால் பொறுமை இல்லாதவர்களுக்கு ரத்தக் கொதிப்பு வரும். யாரையும் முந்தமாட்டார். யார் முந்தினாலும் கோபிக்கமாட்டார். வெயிலடித்தாலும் மழை கொட்டினாலும் ஒரே வேகம். ஆனால் கிளம்பும் நேரத்தில் மட்டும் கறார். நடுவட்டம் ஸ்டாண்டில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு 'ஒரு வாய், பாய்' என்று கெஞ்சுகிறவனைப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்துவிடுவார். மாமியாரையே ஒரு தரம் அப்படி விட்டுவிட்டு வந்தவர் என்று அவர் மனைவி ஆஸியா இன்னும் சொல்லிக்காட்டுவதுண்டு.

இன்னொரு சட்டமும் அவரிடம் உண்டு. இறங்க வேண்டியவர்கள்தான் குரல் கொடுக்க வேண்டும். வருஷக் கணக்கில் ஒரே இடத்தில் இறங்குகிறவனாக இருந்தாலும் சரி, 'எறங்கணுங்க' என்று சொல்லாவிட்டால் வேன் நிற்காது. பின்னால் யார் எங்கே இறங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் ரோட்டை யார் நினைப்பது என்பது அவர் கேள்வி. இந்த மலைப்பாதையில் அது நியாயமான கேள்விதான்.

நியாயம் இருக்கட்டும், மலையில் மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிட்டால் நாங்கள் என்ன செய்வது? ஜூன் பிறந்தால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. பைக்காரா வந்ததா, தாண்டிவிட்டதா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மற்ற வேன்களில் ஆட்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருப்பார்கள். எங்கள் வேனில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவோம். காரணம், ஸ்டீரியோ.

வேன் வாங்கியபோதே பாய் ஊட்டியில் ஒரு கடையில் அதைப் பொருத்தினார். பாட்டுகளை உள்ளேயே ஏற்றி வைத்துக்கொள்ளும் ரகம். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். ரேடியோ எங்கள் வளைவுகளில் இருமும், போன் டவர் இருக்கிற இடத்தை விட இல்லாத இடம் அதிகம். இது மட்டும் யார் தயவும் இல்லாமல் தன் வயிற்றுக்குள் இருப்பதைப் பாடிக்கொண்டே வரும். கடைக்காரர் ஒரு தடவை பாட்டுகளை ஏற்றிக் கொடுத்தார். அடுத்த வாரமே யாரோ ஒரு குழந்தை பாட்டு ஏற்றும் ஓட்டையில் கடலை மிட்டாயைத் திணித்துவிட்டது. அதோடு புதுப் பாட்டு ஏற்றவும் முடியாது, பழையதை அழிக்கவும் முடியாது என்று ஆகிவிட்டது. போதாக்குறைக்கு இஞ்சினை அணைத்தால் எங்கே விட்டோம் என்பதும் அதற்கு மறந்துவிடும். மறுபடி முதல் பாட்டிலிருந்துதான் தொடங்கும்.

ஒரே வேகத்தில் ஓடும் வேன், ஒரே வரிசையில் பாடும் பெட்டி. கொஞ்ச நாளில் எந்தப் பாட்டு எந்த வளைவில் வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததில்லை, அதுவாக அமைந்துவிட்டது. என்னுடையது விசிலில் தொடங்கும் ஒரு பழைய ஜோடிப் பாட்டு. விசில் கேட்டதும் கண்ணைத் திறப்பேன், இரண்டாம் சரணத்தில் குடையை எடுப்பேன், கடைசிப் பல்லவியில் 'எறங்கணுங்க' என்பேன். படகுத்துறை முக்கு சரியாக அங்கே இருக்கும். ஒன்பதாவது மைலில் சுற்றுலாக்காரர்களுக்கு வேகவைத்த சோளம் விற்கும் வீரம்மாவுக்கு ஒரு கும்மிப் பாட்டு. ஊட்டி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஜெஸிந்தா தலைகுந்தாவில் வீடெடுத்திருந்தார். நடுவட்டத்தில் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டுக் காலையில் திரும்பும் நாட்களில் வேனில் ஒரு காதலன் கதறி அழத் தொடங்கினால், ஜெஸிந்தா சிரித்த முகத்தோடு எழுந்து நிற்பார். மே மாதச் சீசனில் டூரிஸ்ட் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொள்ளும்போது இந்தக் கணக்கு செல்லாது. அப்போது மஞ்சும் இருக்காது, கண்ணாலேயே பார்த்து இறங்கிக்கொள்ளலாம்.

பைக்காரா தாண்டிப் பாதி வழியில் ஒரு சின்ன தர்கா வரும். அதைக் கொஞ்சம் தாண்டினால் மரத்தடியில் ஒரு மாரியம்மன். எங்கள் பக்கம் டிரைவர்கள் அந்த மாதிரி இடங்களில் பாட்டை அடக்குவது வழக்கம். பாய் தர்காவில் அடக்கினால் அம்மனைத் தாண்டித்தான் திரும்ப எழுப்புவார். ஒருவருக்கு அடக்கிவிட்டு இன்னொருவர் முன்னால் எழுப்பினால் அது என்ன மரியாதை என்பார். பாட்டை நிறுத்தமாட்டார், சத்தத்தை மட்டும் ஒரேயடியாகக் குறைத்துவிடுவார். அது பாட்டுக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது ஊட்டி நெரிசலைத் தாண்டி ஃபிங்கர்போஸ்ட்டில்தான் பெட்டியைப் போடுவார். அந்த இரண்டு சாமிகளும் சரியாக நடுவழியில் இருந்ததால், போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தில் அமைதிதான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வேனுக்குள் போன ஜூலையில் ஒரு புதுப் பெட்டி வந்து உட்கார்ந்தது.

பாய்க்கு ஒரே மகள், ஃபர்ஹீன். படிப்பெல்லாம் கூடலூரில் அவள் அம்மா வழிப் பாட்டி வீட்டில் இருந்துதான், அதனால் எங்கள் பக்க வேனில் அவள் அதிகம் வந்ததில்லை. படிப்பு முடிந்து கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை, அத்தாவுக்கு ஸ்டீரியோ. பெரிய திரை, உள்ளே ஆயிரம் பாட்டு. ஆயிரத்தையும் அவளே ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றியிருந்தாள். பாய் அதைப் பொருத்திக்கொண்டு வந்த அன்று ஸ்டாண்டில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். தெருவில் போன போஸ்ட்மேனைக்கூட விடவில்லை. வாயே திறக்காத மனிதர் அன்று பேசியதைப் பார்த்து நான் அசந்துபோனேன். பழைய பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் நல்ல மஞ்சு. நான் வழக்கம்போல் கண்ணை மூடினேன். விசில் கேட்டது. என் உடம்பே எழுந்து குடையை எடுத்தது, என் வாயே 'எறங்கணுங்க' என்றது, என் கால்கள் இறங்கின. வேன் போய்விட்டது. பார்த்தால் படகுத்துறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கிறேன். கொஞ்சம் தள்ளி மஞ்சுக்குள் ஏதோ மூச்சு விடுகிறது. காட்டெருமையாக இருக்கும் என்று தெரிந்த பிறகு நான் எப்படி நடந்தேன் என்று கேட்காதீர்கள். நடுவட்டத்தைத் தாண்டி இரண்டு வளைவுதான் வந்திருக்கிறேன் என்பது ரோட்டோரக் கடை ஒன்று தட்டுப்பட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தப் பெட்டிக்கு வரிசை என்பதே கிடையாது. ஆயிரத்தில் எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பாடும்.

வீரம்மாவுக்கு நேர் எதிர். கும்மிப் பாட்டு வரட்டும் என்று சோள மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர் தலைகுந்தா வரை போய்விட்டார். ஜெஸிந்தாவுக்காகக் காதலன் அன்று அழவே இல்லை. அவர் ஃபிங்கர்போஸ்ட்டில் இறங்கித் திரும்பி வந்தார்.

இரண்டாம் நாளும் இதே கூத்து. வீரம்மா மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு தூங்குகிறவர் அல்ல. வேனில் ஏறும்போதே, இந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையதை மாட்டு என்று சொல்லிவிட்டார். பாய் திரும்பிப் பார்த்தார்.

"வீரம்மாக்கா, என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. இது எம்புள்ள மொத சம்பளத்துல வாங்குனதுங்க. இதை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க."

வீரம்மா சோள மூட்டையை மடியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் பாய் அன்று மத்தியானமே யாருக்கும் தெரியாமல் ஊட்டிக் கடைக்குப் போயிருக்கிறார். பழைய பெட்டியைப் பிரித்து, தேறியதை எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டாகிவிட்டது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து பாய் பெட்டியை அணைத்துவிட்டு, ஒவ்வோர் இடம் வரும்போதும் தானே பெயரைக் கத்திச் சொல்லிக்கொண்டு ஓட்டினார். தன் சட்டத்தைத் தானே மீறுகிறோம் என்ற கஷ்டம் முகத்தில் தெரிந்தது. வாரக் கடைசியில் தொண்டை கட்டிக்கொண்டது. தினமும் வரும் சிலர் கவர்மென்ட் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். மகள் போனில் பாட்டெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்கும்போது மட்டும் அந்தக் கட்டிய தொண்டையோடு அருமையாக இருக்கிறது என்பாராம். ஸ்வெட்டர் கடையில் ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

பிறகு ஃபர்ஹீன் லீவில் வருகிறாள் என்று செய்தி வந்தது. பாய் எங்களை ஸ்டாண்டில் ஓரமாகக் கூட்டி, அவள் வேனில் வரும்போது மட்டும் பாட்டை ரசிக்கிற மாதிரி இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர் வாழ்நாளில் எங்களிடம் கேட்ட ஒரே உதவி அது. புள்ள மனசு நொந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. மாட்டேன் என்று எவன் சொல்வான்?

சனிக்கிழமை காலை அத்தாவின் பக்கத்துச் சீட்டில் அவள் ஏறினாள். பெட்டி பாடியது. நாங்கள் ரசித்தோம். நான் தலையை ஆட்டிய ஆட்டத்தில் எனக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டது. ஜெஸிந்தா தொடையில் தாளம் போட்டார். பாய் ஒவ்வோர் இடத்திலும் கத்தவும் முடியாமல் விடவும் முடியாமல், 'பைக்காரா, என்ன குளிருடா சாமி' என்று தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி ஜாடை காட்டினார். நான் இறங்கவில்லை. நாடகம் எப்படி முடிகிறது என்று பார்க்காமல் எப்படி இறங்குவது? படகுகள் எங்கும் ஓடிவிடாது.

நாடகத்தைக் கெடுத்தவர் வீரம்மா. நடிப்பில் முழுசாக மூழ்கிக் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று விழித்துக்கொண்டு வழக்கமான குரலில் கேட்டார்.

"ஏனுங் தம்பி, ஒம்பதாவது மைல் பாட்டு இன்னும் வரலையே?"

ஃபர்ஹீன் திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தாள், அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். பாய் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கேட்கக் கேட்க ஒவ்வொருவராக உண்மையைக் கக்கினோம். காட்டெருமை வரை வந்தபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தா தினமும் அதே பாட்டைக் கேட்டுச் சலித்துப்போயிருப்பார் என்றுதான் ஆயிரம் ஏற்றினாளாம். வரிசையாக வேண்டும் என்றால் அதுவும் இந்தப் பெட்டி செய்யும், பழைய பாட்டுகள் என்னென்ன என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

அங்கேதான் சிக்கல். முழு வரிசையும் ஒருவருக்கும் தெரியாது. பைக்காராவுக்கு அப்பால் என்ன பாடியது என்று நான் கண்டேனா? ஜெஸிந்தாவுக்கு ஒன்பதாவது மைல் வரை தூக்கம். பாயைக் கேட்டால், நான் ரோட்டைப் பார்ப்பேனா பாட்டைக் கேட்பேனா என்கிறார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பாயின் வீட்டில் கூடினோம். ஆஸியா டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டே இருந்தார். அவரவர் துண்டை அவரவர் சொன்னோம். பெயர் தெரியாத பாட்டுகளைப் பாடிக் காட்டினோம். நான் பாடியதை ஃபர்ஹீன் போனில் தேடிப் பார்க்க, அது ஏதோ புரியாத பாஷையில் ஒரு தாலாட்டைக் கொண்டுவந்து நிறுத்தியது. வீரம்மா கும்மியை எழுந்து ஆடியே காட்டினார். பஸ்ஸுக்கு மாறிப்போனவர்களும் அசடு வழிய வந்து, தங்கள் பங்குக்கு ஒன்றிரண்டைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர் கூடித் தேர் இழுத்ததில் சாயங்காலத்துக்குள் நடுவட்டத்திலிருந்து ஃபிங்கர்போஸ்ட் வரை பாட்டுகள் வந்து சேர்ந்தன.

ஒன்று மட்டும் குறைந்தது. தர்காவுக்கும் மாரியம்மனுக்கும் நடுவில் உள்ள பாட்டு. அங்கே பாட்டே கிடையாது என்று பாய் சாதித்தார். சத்தம்தான் கிடையாது, பாட்டு உள்ளே ஓடிக்கொண்டுதானே இருந்தது என்றேன் நான். அது பக்திப் பாட்டாக இருக்கும் என்று ஒருவர், காலி இடமாக இருக்கும் என்று இன்னொருவர். இவ்வளவு வருஷமாக அந்த வேனில் போனவர்களில் ஒருவருமே கேட்டிராத பாட்டு.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஃபர்ஹீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது எம் பாட்டுங்க அத்தா."

பழைய பெட்டியை வாங்கிய அன்று அவளும் கூடப் போயிருந்தாள். பத்து வயது. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவளிடம், பாப்பாவுக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவள் ஆடிய பாட்டைச் சொல்லியிருக்கிறாள். வாத்துக் குடும்பம் ஒன்று வரிசையாகக் குளத்துக்குப் போகும் பாட்டு. அடுத்த லீவுக்கு வந்தபோது முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இப்போது வரும் இப்போது வரும் என்று காத்திருந்தாளாம். தர்கா வந்தது. அத்தாவின் கை போய்ச் சத்தத்தைக் குறைத்தது. திரும்பும்போதும் அதே இடம், அதே கை.

சொல்லியிருக்கலாமே கண்ணு என்றார் ஆஸியா. சாமிக்காக அடக்குகிறபோது எப்படிம்மா சொல்வது என்றாள் அவள்.

சுபுஹான் பாய் எழுந்து வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது, மறைக்கவும் இல்லை. "இத்தன வருசமும் எம்புள்ள பாட்டை நானே அமுக்கிட்டு வந்திருக்கேனே" என்றார். இனி தர்காவிலேயே அதைச் சத்தமாக வைப்பேன், அங்கே அடங்கியிருக்கும் அவ்லியா கோபித்துக்கொள்ளமாட்டார் என்று ஆரம்பித்தவரை மகள்தான் அடக்கினாள். அங்கே அமைதிதான் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வேறு எங்கே நுழைத்தாலும் பின்னால் உள்ள அத்தனை பேரும் இடம் மாறி இறங்க வேண்டியிருக்கும். என் விசிலை விட்டுத்தர நான் தயாராக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வழி சொன்னவர் வீரம்மா. வண்டி நகர்வதற்கு முன்னாலேயே அதை வைத்துவிட்டால் யார் கணக்கும் கெடாது என்றார். தர்காவுக்கும் அம்மனுக்கும் நடுவில் அதே நீளத்துக்குச் சத்தமே இல்லாத ஒன்றை ஃபர்ஹீன் பதிந்து வைத்தாள். அன்று இரவே கோயமுத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். வேனுக்குள்ளிருந்து வாத்துகள் குவாக் குவாக் என்று கிளம்பின. பாயின் வேன் ஒருவருக்காகவும் நிற்காது என்பது தெரிந்ததுதானே. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, சோள மூட்டையும் குடையுமாக எல்லோரும் விழுந்தடித்து ஓடி ஏறினோம். வாத்துகள் அப்போதுதான் குளக்கரைக்கே வந்திருந்தன. எல்லோரும் உட்கார்ந்தாயிற்று, கதவும் சாத்தியாயிற்று, முன்னால் நின்ற மற்ற வேனும் போய்விட்டது. பாய் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் ஏறியாச்சு, போலாமுங்க பாய் என்றேன்.

"இருங்கண்ணா" என்றார் அவர், திரும்பாமலே. "புள்ள பாட்டு முடியட்டும்."